பனி வருமுன் முற்ற வேண்டும்

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் தைலமரம் என்றால் விறகு, சாரக் கம்பம், காகித ஆலைக்குப் போகும் கட்டை. பூவுக்காக அதை நடுவார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். என் பிழைப்பில் பெரும்பங்கு அந்தப் பூவை நம்பித்தான் நடக்கிறது. ஏலகிரியில் சிறிய நாற்றங்கால் வைத்திருக்கிறேன். சிவப்புப் பூத் தைலமரத்தை விதையிலும் ஒட்டிலும் வளர்த்து, ஏலகிரி, ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் வீடுகளுக்குக் கொடுக்கிறேன். தோட்டக்கலை படித்து வந்தவன் இல்லை. தோல் பதனிடப் பட்டை விற்ற குடும்பத்தில் பிறந்து, பட்டை லாரியில் மலையேறிப் போன இடத்தில் இந்த மரத்தைப் பார்த்து, அதோடு தங்கிவிட்டவன்.

மரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைய தாவரவியல் பெயர் கோரிம்பியா ஃபிசிஃபோலியா. மெல்போர்னில் அரசுத் தாவரவியலாளராக இருந்த ஃபெர்டினான்ட் வான் முல்லர் 1860-இல் இதற்கு யூகலிப்டஸ் ஃபிசிஃபோலியா என்று பெயரிட்டார். எலுமிச்சை மணத் தைலமரம் போன்ற நெருங்கிய உறவுகளோடு சேர்த்து 1995-இல்தான் இதைத் தனிப் பேரினத்துக்கு மாற்றினார்கள். சொந்த மண் மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கரையில், வால்போல் என்ற ஊரை ஒட்டிய சிறு பகுதி. உலகத்துப் பூங்காக்களில் எல்லாம் நிற்கிற மரம், காட்டில் தானாக வளரும் இடமோ அவ்வளவு குறுகியது.

ஊட்டியில் கற்பூர மரம் என்று சொல்லும் தைலமரம்போல இது வானத்தை நோக்கி ஓடாது. பத்து மீட்டரை ஒட்டி நின்று, குடையாகக் கவிந்துகொள்ளும். இலை தடித்து அகன்றது. மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் வெளுப்பு. பூவில் இதழ் கிடையாது. மொட்டின் மேல் சிறு மூடி இருக்கும். அது கழன்று விழுந்ததும் உள்ளே மடங்கிக் கிடந்த கேசரங்கள் நிமிர்ந்து விரியும். நம் கண்ணைப் பிடிக்கிற சிவப்பு முழுவதும் அந்தக் கேசரங்களின் நிறம்தான். இன்னொரு விசேஷம், பூங்கொத்து கிளை நுனியில், இலைக்கூட்டத்துக்கு வெளியே வருகிறது. அதனால் பூத்த மரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை குறைவாகவும் சிவப்பு அதிகமாகவும் தெரியும். தேனீக்கள் விடியற்காலையிலேயே வந்துவிடும்.

எங்கள் அப்பா ஆவாரம்பட்டை வியாபாரி. அந்தக் காலத்தில் ஆட்டுத்தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடுக்காய் கொடுத்து முடிப்பார்கள். கிராமத்துப் பெண்கள் தரிசுகளில் ஆவாரஞ்செடியை வெட்டிப் பட்டை உரித்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்கள். ஆவாரை போதாமல்போன காலத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை கப்பலில் வந்தது. பிறகு நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் நட்டு வளர்த்த அதே மரத்தின் பட்டை லாரியில் வரத் தொடங்கியது. நீலகிரிக்காரர்கள் அதைச் சீகை மரம் என்பார்கள். சீகையும் கற்பூர மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்தே வந்தவை. ஒன்று எங்கள் ஊர்த் தோலுக்குப் பட்டை கொடுத்தது, மற்றது ஊட்டிக் குளிருக்கு விறகு கொடுத்தது. 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுவதும் முடித்த தோலை அனுப்பச் சொன்ன பிறகு டேனரிகள் வேகமாகக் குரோம் பதனிடலுக்கு மாறின. பட்டைக்கு இருந்த மதிப்பு இறங்கியது. அப்பாவின் கடைசி வருஷங்களில் நீலகிரிப் பட்டைக் கணக்கை நான்தான் பார்த்தேன்.

அப்படி ஊட்டிக்குப் போய்வந்த நாட்களில், பட்டை ஏற்றும் இடத்துக்கு மேலே ஒரு பழைய பங்களா வளவில் இந்த மரம் பூத்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டவர் வயதான ஒரு தோட்டக்காரர். சமவெளியிலிருந்து சிறுவயதில் மலையேறியவர். அவரிடம்தான் நான் பாடம் கேட்டேன். நாள் கணக்கில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர் இல்லை. வேலையைச் செய்துகொண்டே இரண்டு வார்த்தை சொல்வார். நான் நிழலில் நின்று கேட்டுக்கொள்வேன்.

ஊட்டியில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி இறங்கும். காந்தல், தலைகுந்தா, பந்தய மைதானம், தாவரவியல் பூங்காவின் புல்வெளி ஆகிய பள்ளமான இடங்கள் விடியலில் வெளுத்துக் கிடக்கும். பகலில் இருபது டிகிரி வெயில், இரவில் பூஜ்ஜியம். சிவப்புப் பூ மரத்தின் சொந்த ஊரில் கடல் பக்கத்திலேயே இருப்பதால் குளிர் உண்டு, கடும் உறைபனி அபூர்வம். ஆகவே இளமரத்துக்கு இது புதிய எதிரி. வயதான மரம் ஓரிரண்டு டிகிரி உறைவைத் தாங்கிவிடும். கன்று தாங்காது.

பெரியவர் ஒருமுறை சொன்னார்: "பனி மார்கழில வருது தம்பி. செடி சாகறது ஆவணிலயே முடிவாயிடுது."

இதை விளங்கிக்கொள்ள எனக்கு நாளாயிற்று. இன்று என்னிடம் கன்று வாங்குகிறவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான். இலை உறையும்போது உயிரணுக்களுக்கு நடுவே இருக்கும் நீர் முதலில் பனிக்கட்டி ஆகிறது. அந்தப் பனிக்கட்டி அணுவுக்குள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. அணு வறண்டு, சவ்வு கிழிந்து சாகிறது. முற்றிய கிளையில் நீர் குறைவு, சர்க்கரை அதிகம். உறைவது கடினம், உறைந்தாலும் தப்பும். இளந்தளிரில் நீர்தான் எல்லாம். மழை ஓய்ந்த பின்னும் நீர்விட்டு, தழைச்சத்து போட்டுத் தளதளவென்று தளிர்விட வைத்த செடியைப் பார்த்து வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார். அந்தத் தளிரைத்தான் மார்கழி எடுத்துக்கொண்டு போகும். தளிர் மட்டும் கருகினால் பரவாயில்லை. சாறு ஓடுகிற தண்டுப் பட்டையும் பிளந்துவிட்டால் கன்று எழாது.

அதனால் எங்கள் கணக்கு இப்படி: பங்குனி, சித்திரையில் நடவு. முதல் மழையிலிருந்து ஆடி முடிய வளரவிடுவது. ஆவணி பிறந்ததும் தழைச்சத்தை நிறுத்துவது. மண்ணில் சாம்பல் சத்து குறைவென்றால் அதை மட்டும் கொடுப்பது. புரட்டாசியில் நீரைப் படிப்படியாகக் குறைப்பது. ஐப்பசியில் நுனி இலையை விரலால் மடக்கிப் பார்க்க வேண்டும். துவண்டு மடங்கினால் இன்னும் இளசு. தோல்போல நின்று எதிர்த்தால் முற்றிவிட்டது. டேனரிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோலை மடக்கிப் பார்த்துத் தரம் சொல்கிற விரல்கள் அவை. இலையையும் அப்படியே சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

இடம் தேர்வும் பாதி வேலை. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனத்துப்போய்த் தண்ணீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஒரே தெருவில் மேல் வீட்டு மரம் பூத்திருக்க, கீழ் வீட்டுக் கன்று கருகியிருப்பதற்கு அதுதான் காரணம். சரிவின் நடுப்பகுதி நல்லது. கீழ்ப்புறம் மதிலோ அடர்ந்த வேலியோ இருந்தால் காற்று அங்கே முட்டித் தேங்கும். வேலியில் ஒரு திறப்பு விட்டால் வழிந்து போய்விடும். கிழக்கு வெயில் நேரே படும் இடத்தைப் பெரியவர் தவிர்ப்பார். உறைந்த இலை மெல்ல இளகினால் பிழைக்கும்; காலை வெயில் பட்டுச் சட்டென்று இளகினால் சேதம் அதிகம். மேற்கு பார்த்த கருங்கல் சுவர் ஓரம்தான் அவருக்குப் பிடித்த இடம். பகலெல்லாம் வெயில் குடித்த கல் இரவில் சூட்டை விட்டுக்கொடுக்கும்.

இன்னொன்று, பலரும் தலைகீழாகச் செய்வது. குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று கன்றைச் சுற்றிச் சருகைக் குவிப்பார்கள். வேருக்கு அது நல்லதுதான். ஆனால் மண்ணின் சூடு மேலே வருவதைச் சருகு தடுத்துவிடும்; சருகுக்கு மேலே நிற்கும் இலைகள் வெறும் மண்ணில் நிற்பதைவிட அதிகம் உறையும். பனிக்காலத்தில் தண்டைச் சுற்றிச் சருகை விலக்கி, மண்ணை லேசாக நனைத்து வைக்க வேண்டும். ஈரமண் பகல் சூட்டை அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும். புரட்டாசியில் நீரைக் குறைக்கச் சொன்னவன் மார்கழியில் நனைக்கச் சொல்கிறானே என்று கேட்பார்கள். முதலாவது வளர்ச்சியை நிறுத்துவதற்கு, இரண்டாவது மண்ணில் சூட்டைச் சேர்ப்பதற்கு. முற்றிய செடி கொஞ்சம் நீர் கண்டதும் குளிரில் தளிர்விடாது.

மூடாக்குக்கு நீலகிரியில் மிலார் செடி இருக்கிறது. கோத்தகிரிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து தாவரவியல் பூங்காவிலேயே அலங்காரச் செடிகளுக்குக் கவிழ்த்து வைப்பார்கள். 1848-இல் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் அமைத்த பூங்கா அது. அங்கு இன்றும் பனிக்கு இந்தத் தழைதான் போர்வை. பிளாஸ்டிக் தாளைவிட இது மேல். தாள் இலையைத் தொட்ட இடமெல்லாம் கருகும். மிலார் காற்றும் கொஞ்சம் வெளிச்சமும் விடும். கன்றுக்கு முதல் மூன்று குளிர் தாண்டும்வரை இந்தக் கூடாரம் வேண்டும். பிறகு மரம் தன் தலையைப் பனி தேங்கும் மட்டத்துக்கு மேலே தூக்கிக்கொள்ளும்.

கற்பூர மரத்தின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீலகிரிக்கு அது வந்தது 1843-இல். காட்டன் என்ற ராணுவ அதிகாரி நட்டார் என்பது பதிவு. விறகுக்காக ஒழுங்கான தோட்டங்கள் 1856-இலிருந்து. சோலைகளை வெட்டி எரித்துத் தீர்த்த பிறகு எரிக்க வேறு மரம் தேவைப்பட்டது. அதற்கும் முன்பே, 1790 வாக்கில் நந்தி மலையில் திப்பு சுல்தானின் தோட்டத்தில் யூகலிப்டஸ் இருந்ததாகச் சொல்வார்கள். அந்தத் திப்புவின் குடும்பத்தை 1799-க்குப் பிறகு எங்கள் வேலூர்க் கோட்டையில்தான் கொண்டுவந்து வைத்தார்கள்; 1806-இல் அங்கே நடந்த சிப்பாய்க் கலகத்தை எல்லோரும் அறிவார்கள். வேலூர்க் கோட்டை அகழியைக் கடக்கும்போதெல்லாம், மலைத் தோட்டம் வைத்து வளர்த்தவர்களின் பிள்ளைகள் இந்த வெக்கையில் எப்படி இருந்திருப்பார்கள் என்ற நினைப்பு எனக்கு வரும்.

நாற்றங்காலை ஆம்பூரிலேயே வைத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போக்குவரத்துக்கு வசதிதான். ஆனால் அங்குள்ள தண்ணீர் விடாது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புத் தடவி வருகிறது. டேனரியில் முதல் ஊறலிலேயே அந்த உப்பு நீரில் இறங்கிவிடும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் குரோமியத்தையும் கழிவையும் பிடிக்கும். கரைந்த உப்பைப் பிடிக்கச் சவ்வுகளும் ஆவியாக்கும் கருவிகளும் வேண்டும், அதற்குச் செலவு பெரிது. பல பத்தாண்டுகள் அந்த உப்பு பாலாற்று மணலுக்குள்ளும் கிணறுகளுக்குள்ளும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்து, டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டியதும் அந்தத் தீர்ப்புதான். சட்ட மாணவர்கள் அதைப் பாடத்தில் படிக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பார்த்தால் அது ஏன் வந்தது என்று தெரியும்.

குடிநீருக்கு ஏற்ற அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைபொருள். எங்கள் பக்கத்தில் பல கிணறுகள் அதைப் பல மடங்கு தாண்டியவை. சிவப்புப் பூ மரக் கன்றுக்கு அந்த நீரை விட்டால் இலையின் ஓரம் பழுப்பாகக் கருகத் தொடங்கி நடுநரம்பை நோக்கி நகரும். மண்ணும் ஒத்துவராது. சுக்கான் கலந்த நிலத்தில் இரும்புச் சத்து வேருக்குக் கிடைக்காது. இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்பு உப்பைக் கரைத்துத் தெளித்து ஒரு பருவத்தை ஓட்டலாம், மரமாக வளர்க்க முடியாது. சமவெளியில் இதை நடக் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அவர்களுக்குச் சரக்கொன்றை இருக்கிறது, பூவரசு இருக்கிறது.

ஏலகிரி வேறு. பொன்னேரியில் பிரிந்து 14 கொண்டைஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1,100 மீட்டர் உயரம். செம்மண், சுண்ணாம்பு இல்லை. அத்தனாவூர், நிலாவூர்ப் பக்கம் மழைநீரைத் தொட்டியில் சேர்த்தால் கோடையைத் தாண்டிவிடலாம். உறைபனி இல்லை, ஆனால் மார்கழி, தை இரவுகளின் குளிர் முளைக்கிற விதையை நிறுத்திவைக்கப் போதுமானது. ஆம்பூர், வாணியம்பாடி டேனரிக் குடும்பங்கள் பலருக்கு இங்கே கோடை வீடு இருக்கிறது. எனக்கு முதலில் வேலை கொடுத்தவர் அப்படி ஒரு பெரியவர். ஊட்டியில் பூவைப் பார்த்துவிட்டு வந்து, "உங்க வாப்பா காலத்துல இருந்து எங்களுக்குப் பட்டை குடுத்தீங்க. அந்தச் சிவப்பு மரம் இங்க வருமான்னு பாரு தம்பி" என்றார். "பாத்துடலாம் பாய்" என்றேன். அவர் வளவில் நட்டது இப்போது மாடி உயரம் நிற்கிறது.

இனி வேலைக்கு வருகிறேன். காய் மரக்கட்டையைப்போன்ற குடுவை. முதிர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். பறித்து நிழலில் துணி விரித்து வைத்தால் வாய் திறந்து விதை கொட்டும். இங்கே ஒரு சோதனை இருக்கிறது. உண்மையான சிவப்புப் பூ மரத்தின் விதை செம்பழுப்பு நிறத்தில், ஓரத்தில் மெல்லிய இறகோடு இருக்கும். பக்கத்து உறவான மாரி மரத்தின் விதை கறுத்து, இறகில்லாமல் கனமாக இருக்கும். இரண்டும் எளிதில் கலந்துவிடும் ஜாதி. அருகருகே நின்றால் தேனீ பேதம் பார்க்காது. மாரி பெரிய காட்டு மரமாகும், பூ வெள்ளை. ஆகவே விலைக்கு வாங்கும் விதையை உள்ளங்கையில் பரப்பி இறகைப் பார்க்காமல் நான் பணம் கொடுப்பதில்லை.

விதைப்பு ஆழம் விதையின் பருமனைப்போல இரண்டு மடங்கு. மேலே மணல் தூவினால் நாற்றழுகல் குறையும். இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும், சூடு இருந்தால். அந்தச் சூட்டுக்குத்தான் எங்கள் பரம்பரைச் சரக்கு உதவியது.

ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டில் அன்னாசி போன்ற வெப்பநாட்டுச் செடிகளைக் கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்தபோது, அடிச்சூட்டுக்கு டேனரியில் சாறு இறங்கிய ஓக் பட்டைச் சக்கையைத்தான் குழியில் நிரப்பினார்கள். நனைந்த சக்கை புளித்துச் சூடேறி, சாணிக்குவியலைவிட நிதானமாக, மாதக்கணக்கில் சூட்டைக் கொடுக்கும். லண்டன் செல்சீ தோட்டத்தை நடத்திய பிலிப் மில்லர், 1731-இல் வெளிவந்த தம் தோட்டக்காரர் அகராதியில் இந்த முறையை விளக்கியிருக்கிறார். குளிருக்கு அஞ்சும் செடிகளை டேனரிக் கழிவு காப்பாற்றிய வரலாறு அது. நான் அதைக் கேள்விப்பட்டபோது எனக்குள் ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் சொல்லத் தெரியவில்லை. எங்கள் வீட்டுப் பின்புறம் மலையாகக் கிடந்த ஆவாரம்பட்டைச் சக்கையைச் சிறுவயதில் அடுப்புக்கு மட்டுமே எடுத்திருக்கிறோம்.

ஏலகிரியில் செங்கல் கட்டிய இடுப்பளவு குழியில் சக்கையை நிரப்பி நனைத்துவிடுவேன். சில நாளில் கை வைக்க முடியாத சூடு வரும். அது தணிந்து இதமான பிறகு விதைத் தட்டுகளை மேலே வைப்பேன். தை மாதத்து இரவிலும் தட்டின் அடி வெதுவெதுப்பாக இருக்கும். இதில் மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. குரோம் பதனிடும் இடத்தின் எந்தக் கழிவும் என் வளவுக்குள் வரக்கூடாது. பட்டைச் சக்கையையும் ஒரு மழைக்காலம் வெளியே குவித்து உப்பும் துவர்ப்பும் கழுவிப் போகவிட வேண்டும். மண்கலவையில் சேர்ப்பதென்றால் இரண்டு வருஷம் மக்கியதை மட்டும், அதுவும் கால்பங்குக்கு மேல் போகாமல். இப்போது பட்டைக்குப் பதிலாகச் சாற்றுப் பொடியைக் கரைத்து வேலை செய்கிறார்கள். சக்கை கிடைப்பது அரிதாகிவிட்டது. பேரணாம்பட்டுப் பக்கம் எங்காவது பழைய முறையில் தொட்டி ஓடுகிறது என்று கேள்விப்பட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

வேரைப்பற்றி ஒரு வார்த்தை. தைலமரக் குடும்பம் முழுவதற்கும் பைக்குள் வேர் சுருண்டால் கேடு. கறுப்புப் பையில் ஒரு வருஷம் கிடந்த கன்றின் ஆணிவேர் அடியில் கயிறுபோல வட்டமடித்திருக்கும். நட்ட பிறகும் அந்த வட்டம் அவிழாது; ஆறேழு வருஷம் கழித்து, பூத்துக் கனத்த தலையோடு ஒரு காற்றில் மரம் அப்படியே சாய்ந்துவிடும். பெரிய கன்று வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களோடு நான் வாதாடுவது இதனால்தான். முழங்கால் உயரக் கன்று, நேரே இறங்கிய வேர், அடி திறந்த குழல் தட்டு. இடுப்புயரக் கன்று வாங்கிய வீட்டை இது மூன்றாம் வருஷம் முந்திவிடும்.

விதைக் கன்று என்ன நிறத்தில் பூக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தாய் கருஞ்சிவப்பாக இருந்தாலும் பிள்ளை ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, வெளிர் என்று எப்படியும் வரும். அது தெரிய ஐந்து முதல் எட்டு வருஷம் காத்திருக்க வேண்டும். எனக்கு ஆரஞ்சு பிடிக்கும். வாங்குகிறவர்களுக்குச் சிவப்புதான் வேண்டும். அதனால் ஒட்டு. ஆஸ்திரேலியாவில் புள்ளிப்பட்டைத் தைலமரம் போன்ற நெருங்கிய உறவின் மேல் ஒட்டுகிறார்கள். வெப்பநாட்டு ஜாதியோடு கலந்து 'சம்மர் ரெட்', 'சம்மர் பியூட்டி' என்று குட்டை ரகங்களையும் ஒட்டுக்கன்றாகவே விற்கிறார்கள். நாங்கள் எலுமிச்சை மணத் தைலமரக் கன்றை வேர்ச்செடியாகப் பயன்படுத்துகிறோம். பென்சிலைவிட மெல்லிய இளங்கன்றின் தலையை வெட்டி, பிளந்து, ஆப்புபோலச் சீவிய குச்சியைச் செருகிக் கட்டிப் பாலித்தீன் உறை போடுவது. சொல்ல எளிது. மாமரத்தில் ஒட்டிப் பழகியவர்கள் இதில் சோர்ந்துவிடுவார்கள். இந்தச் சாதியில் பிடிப்பது குறைவு. என்னிடம் வேலை செய்யும் நிலாவூர் அக்கா ஒருவரின் கையில் மட்டும் பாதிக்கு மேல் பிடிக்கும். அவர் கத்தியை ஒரே இழுப்பில் இழுப்பார்; சீவிய இடத்தில் இரண்டாவது வெட்டு விழாது. பிடித்த ஒட்டிலும் சில, நாலைந்து வருஷம் நன்றாக நின்று பிறகு ஒட்டிடத்தில் பிளக்கும். அதனால் இரண்டு வருஷம் பார்த்து, ஒட்டிடம் மேலும் கீழும் ஒரே பருமனாகத் திரண்டிருந்தால்தான் விற்பேன்.

இந்த மரத்தை நேசிக்கிறேன் என்பதற்காக அதன் குடும்பம் செய்ததை மறைக்க மாட்டேன். மலையின் புல்வெளிகளில் சீகையும் கற்பூர மரமும் ஏறி நின்று ஊற்றுகளைக் குறைத்தன. கர்நாடகம் 2017-இல் யூகலிப்டஸ் நடவைத் தடை செய்தது. தமிழ்நாடு 2022-இல் அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்கக் கொள்கை வெளியிட்டது. சீகைக்காடுகளை வெட்டிப் புல்வெளியை மீட்கும் வேலை நடக்கிறது. எங்கள் அப்பா பட்டை வாங்கிய மரங்கள் அவை. அவை போவது சரி என்றே நினைக்கிறேன். சிவப்புப் பூ மரம் தானாகப் பரவி நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு வளவுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. சோலை ஓரத்தில், ஊற்றுக்கு அருகில், ஓடைக்கரையில் நடக் கொடுக்க மாட்டேன். சாலை நெடுக வரிசையாக நடக் கன்றுகள் கேட்டு வந்த விடுதிக்காரர் ஒருவரிடம் வாசலுக்கு ஒன்று போதும் என்று சொல்லி, மீதிக்கு நாவல் கன்று ஏற்றி அனுப்பினேன். நீலகிரியில் நட்ட பிறகு வெட்டுவதும் நம் இஷ்டமில்லை. 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இடத்தை நடுமுன் யோசிக்க வேண்டும்.

சான்பிரான்சிஸ்கோ தெருக்களில் இந்த மரம் வரிசையாக நிற்கிறது. கோடையில் மூடுபனி, குளிரில் உறைவு இல்லாத ஊர் அது. நியூசிலாந்தின் கடலோர ஊர்களிலும் பழைய மரங்கள் உண்டு. அந்த மிதத்தை ஊட்டி கொடுப்பதில்லை. அதனால்தான் ஊட்டியில் பிழைத்த ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் ஒரு தோட்டக்காரரின் கை இருக்கிறது. பூ முடிந்ததும் இளங்காய்களைக் கொத்தோடு கிள்ளிவிடுங்கள். காய் கனத்துக் கிளை முறிவதும், அடுத்த வருஷப் பூ குறைவதும் நிற்கும். விதைக்கு ஒரு கிளையை விட்டால் போதும்.

பனியில் கருகிவிட்டால் செய்ய வேண்டியதை எல்லோரும் போனில் கேட்கிறார்கள், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கறுத்த இலையைக் கண்டதும் கத்தரியை எடுக்காதீர்கள். செத்த இலைகள் கீழிருக்கும் உயிருள்ள கணுக்களுக்கு அடுத்த பனியில் போர்வையாகும். உடனே வெட்டினால் செடி தளிர்விட முயலும். அந்தத் தளிரை அடுத்த வாரப் பனி கொண்டுபோகும். பங்குனி பிறக்கட்டும். பட்டையை நகத்தால் கீறிப் பச்சை தெரியும் இடம்வரை விட்டு, அதற்கு மேலே வெட்டுங்கள். தண்டு முழுவதும் செத்திருந்தாலும் தோண்டி எறிய வேண்டாம். விதைக் கன்றாக இருந்தால் மண்ணை ஒட்டி வேரடியில் ஒரு புடைப்பு இருக்கும். அதில் உறங்கும் மொட்டுகள் மழை கண்டதும் கிளம்பும். அவற்றில் நேரான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். ஒட்டுக் கன்று என்றால் எங்கிருந்து துளிர்க்கிறது என்று பார்க்க வேண்டும். ஒட்டிடத்துக்குக் கீழே வருவது வேர்ச்செடியின் தளிர். கசக்கினால் எலுமிச்சை மணக்கும். அதை வளரவிட்டால் வீட்டு வாசலில் முப்பது மீட்டர் மரம்தான் வரும். விரலாலேயே தேய்த்து எடுத்துவிடுங்கள், ஆவணிவரை வாரம் ஒருமுறை பாருங்கள்.